வேலைச் சட்டையை வீட்டுக்குள் உதறாதீங்க!



போன மாதம் லைட்ஹவுஸ் குப்பத்தில் நடந்த கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கி நிலுவை எல்லாம் பேசி முடித்த பிறகு ஓர் ஊக்குநர் அக்கா எழுந்து கேட்டார்: “ஏரியிலயும் கடல்லயும் வரவு கொறைஞ்சு போச்சு. எங்க பசங்க காட்டுப்பள்ளி, எண்ணூர், மணலின்னு ஒப்பந்த வேலைக்குப் போறாங்க. வெல்டிங் அடிக்கிறாங்க, பழைய பெயிண்ட் சுரண்டறாங்க, சாம்பல் ஏத்துறாங்க. ராத்திரி வந்து மூக்கைச் சிந்தினா கறுப்பா வருது. இதுல கான்சர் வரும்னு சொல்றாங்களே, நெஜமா?” பக்கத்தில் இருந்தவர், “பீடி, சிகரெட் குடிக்காதவங்களுக்கு நுரையீரல்ல எப்படிங்க வரும்?” என்றார். மூன்றாவதாக ஒருவர், “மீன்ல விஷம்னு எழுதி நம்ம யாவாரத்தைக் கெடுத்துடாதீங்க” என்றார்.

மூன்றுமே நியாயமான பேச்சு. அன்றைக்கு நேரம் போதவில்லை. அதனால் இந்த இதழின் பாடமாகவே இதை எழுதுகிறோம். கொஞ்சம் அறிவியல் வரும். பயப்பட வேண்டாம். பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்கும் கரைவலை இழுக்கப் பார்த்தவர்களுக்கும் இது புரியாத விஷயமே இல்லை.

எந்த உலோகம், எந்த வழி?

உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்தில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. எந்தப் பொருள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகத்தில் வந்த ஆய்வுகளையெல்லாம் பார்த்துப் பட்டியல் போடுவது அதன் வேலை. “சந்தேகமே இல்லை, புற்றுநோய் தரும்” என்ற முதல் வகையில் சில உலோகங்கள் இருக்கின்றன. ஆர்செனிக் (வெள்ளைப் பாஷாணம் என்று நம் பெரியவங்க சொல்வது இதன் ஒரு வடிவம்), காட்மியம், நிக்கல் சேர்மங்கள், பெரிலியம், பிறகு குரோமியத்தின் ஒரு வகை. இவை எல்லாமே நுரையீரலைத் தாக்குபவை. வெல்டிங் புகையையும் 2017-இல் இதே முதல் வகையில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே அந்த அக்கா கேட்ட கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், வரலாம். எல்லாருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. எவ்வளவு தூசு, எத்தனை வருஷம், எந்தப் பாதுகாப்போடு என்பதைப் பொறுத்தது.

இந்தப் பாடத்தில் குரோமியத்தை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் அது செய்த வேலை நம் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது என்பது ஒரு காரணம். செல்லுக்குள் போய் அது என்ன செய்கிறது என்பதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுவோம். நம் வீட்டு எவர்சில்வர் தட்டு, குடம், டம்ளர் எல்லாவற்றிலும் குரோமியம் இருக்கிறது. துருப்பிடிக்காமல் பளபளப்பாக இருப்பதே அதனால்தான். அதில் சாப்பிடுவதால் புற்றுநோய் வராது. அது உலோகமாக, கெட்டியாக, சும்மா கிடக்கிற குரோமியம். அதே எவர்சில்வரை வெல்டிங் தீயில் உருக்கும்போது எழும் புகையில்தான் ஆபத்தான வகை பிறக்கிறது. விஞ்ஞானிகள் அதைக் குரோமியம்-6 என்கிறார்கள். மண்ணிலும் உணவிலும் சாதாரணமாகக் காண்பது குரோமியம்-3. பெயர் ஒன்று, எண் மட்டும் வேறு. ஆனால் உடம்புக்குள் இரண்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு வேறு. குரோமியம்-3 செல்லின் வாசலிலேயே நின்றுவிடும். குரோமியம்-6 உள்ளே போய்விடும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

குரோமியம்-6 இருக்கும் இடங்கள்: எவர்சில்வர் வெல்டிங் புகை, குரோம் முலாம் பூசும் பட்டறைத் தொட்டி, கப்பலிலும் இரும்புச் சட்டங்களிலும் துருப்பிடிக்காமல் இருக்க அடியில் பூசும் மஞ்சள் பெயிண்ட், அந்தப் பழைய பெயிண்டைச் சுரண்டும்போது வரும் தூசு, குரோம் உப்பு தயாரிக்கும் ஆலை.

ராணிப்பேட்டையில் கிடக்கும் மஞ்சள் மலை

ராணிப்பேட்டை சிப்காட்டில் ‘தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ்’ என்று ஓர் ஆலை இருந்தது. 1970-களில் தொடங்கியது. குரோமியத் தாதுவை வறுத்து, குரோமியம்-6 உப்பாக்கி, தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய ரசாயனங்களைச் செய்து கொடுத்தது. 1990-களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. மூடியவர்கள் கதவைத்தான் மூடினார்கள். ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு திறந்தவெளியில் அப்படியே குவிந்து கிடந்தது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சளாக நீர் வடிந்து மண்ணுக்குள்ளும் நிலத்தடி நீருக்குள்ளும் இறங்கியது. 2006-இல் அமெரிக்காவைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட 10 இடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. செர்னோபிலோடு சேர்த்து நம் ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

இதை ஏன் நமக்குச் சொல்கிறோம் என்றால், ஆலை ஓடியது ஏறக்குறைய இருபது வருஷம். அது மூடி ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகிறது. கழிவு விவகாரம் இன்னும் தீர்ந்தபாடில்லை. சம்பாதித்தவர்கள் போய்விட்டார்கள், கிணற்றுத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு மிச்சம். வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் “மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்” என்று தீர்ப்புச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஆலையே இல்லாமல் போன பிறகு யாரிடம் வசூலிப்பது என்ற கேள்விக்கு இந்த மஞ்சள் மலைதான் சாட்சி.

தண்ணீரில் கலந்த குரோமியம் ஒரு தொல்லை. ஆனால் நுரையீரலுக்கு எமன், மூச்சில் போகும் குரோமியத் தூசுதான். குரோம் உப்பு ஆலைகளில் வேலை செய்தவர்களைப் பற்றி உலகம் இதை ரொம்ப நாளாகவே தெரிந்து வைத்திருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஒரு குரோம் ஆலைத் தொழிலாளிக்கு மூக்கில் வந்த புற்றுநோயை 1890-லேயே ஒரு மருத்துவர் எழுதி வைத்தார். 1948-இல் அமெரிக்காவில் குரோம் ஆலைத் தொழிலாளர்களின் மரணங்களைக் கணக்கெடுத்தபோது, நுரையீரல் புற்றுநோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுவது அந்தத் தொழிலின் அடையாளமாகவே இருந்தது. இத்தனைக்குப் பிறகும் அமெரிக்க அரசு வேலையிடக் காற்றில் இருக்கலாம் என்ற அளவை ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று இறக்கியது 2006-இல்தான். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பார்க்க முடியாது. “புகையே இல்லையே” என்று மேஸ்திரி சொல்வதை நம்பக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஒரு செல் எப்படி இரண்டாகிறது?

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. தோல் உரிகிறது, புதுத்தோல் வருகிறது. காயம் ஆறுகிறது. நுரையீரலின் உள்தோலும் தேயும், புதுப்பிக்கப்படும். இதெல்லாம் ஒரு செல் இரண்டாகப் பிரிவதால் நடக்கிறது.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது. அதுதான் டி.என்.ஏ. இழுத்து நீட்டினால் ஒரு செல்லில் இருப்பது மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். அது 46 தொகுதிகளாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயர். (குரோமியம், குரோமோசோம், இரண்டு பெயரும் ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. அதற்கு ‘நிறம்’ என்று பொருள். குரோமிய உப்புகள் பல நிறத்தில் இருக்கும். குரோமோசோம் சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பெயர்ப் பொருத்தம் மட்டும்தான், வேறு உறவு கிடையாது.)

நம் குழு ஒன்று இரண்டு குழுவாகப் பிரிகிறது என்று வையுங்கள். என்ன செய்வோம்? முதலில் பேரேட்டை ஒரு வரி விடாமல் நகல் எடுப்போம். நகலும் மூலமும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்போம். பக்கம் கிழிந்திருந்தால் நகலைப் பார்த்துத் திருத்துவோம். அப்புறம்தான் ஆளுக்கொன்றாகக் கொடுப்போம். செல்லும் அப்படியேதான் செய்கிறது. 46 தொகுதியும் நகல் எடுக்கப்பட்டு, மூலமும் நகலும் ஜோடி ஜோடியாகச் செல்லின் நடுவில் வந்து வரிசையாக நிற்கும்.

அடுத்து இழுப்பு. கரைவலையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கம் இரண்டு கயிறு, கயிற்றுக்கு ஒரு கூட்டம், கூட்டத்துக்கு முன்னால் ஒரு தலைவர். இருபுறமும் ஒரே நேரத்தில், ஒரே சத்தத்துக்கு இழுத்தால்தான் வலை நேராகக் கரைக்கு வரும். செல்லுக்குள்ளும் இரண்டு முனையில் இரண்டு தலைவர்கள். சென்ட்ரோசோம் என்று பெயர். அவர்களிடமிருந்து மெல்லிய இழைகள் கயிறு போலப் புறப்பட்டு வந்து ஒவ்வொரு குரோமோசோமையும் பிடித்துக்கொள்ளும். எல்லாக் கயிறும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்க்க ஒரு காவல் ஏற்பாடு உண்டு. ஒரே ஒரு கயிறு மாட்டாமல் இருந்தாலும் “நில்லு, இழுக்காதே” என்று அது நிறுத்திவிடும். எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் இழுப்பு. 46 இந்தப் பக்கம், 46 அந்தப் பக்கம். செல் நடுவில் குறுகிப் பிரிந்து இரண்டு செல் ஆகிவிடும்.

நாள்தோறும் எத்தனையோ முறை இந்த வேலை பிசகில்லாமல் நம் உடம்பில் நடக்கிறது.

குரோமியம் உள்ளே போனால்

மூச்சில் போகும் தூசு எங்கே தங்கும்? மூச்சுக்குழாய் மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து போகிறது. ஒவ்வொரு பிரிவிலும் காற்று முட்டித் திரும்புவதால் தூசு அங்கே படியும். நம் பழவேற்காடு முகத்துவாரத்தில் நீரோட்டம் தளரும் இடத்தில் மணல் சேர்ந்து வாய் அடைபடுகிறதே, அது மாதிரி. குரோம் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைச் சோதித்தபோது அந்தக் கிளை பிரியும் இடங்களில்தான் குரோமியம் குவிந்திருந்தது. தண்ணீரில் சீக்கிரம் கரையாத வகை இன்னும் மோசம். அது அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பக்கத்துச் செல்களுக்கு நாள்கணக்கில் விஷத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும்.

செல்லுக்கு ஒரு வாசல் உண்டு. சல்பேட் போன்ற தேவையான உப்புகளை உள்ளே விடுவதற்கான வாசல். குரோமியம்-6 பார்ப்பதற்கு அந்த உப்பின் சாயலில் இருக்கிறது. அடையாள அட்டை மாதிரி ஒன்றைக் காட்டி ஏமாற்றி உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் செல்லில் இருக்கும் வைட்டமின் சி முதலிய பொருட்கள் அதைக் குரோமியம்-3 ஆக மாற்றுகின்றன. வெளியில் நடந்தால் இது நல்ல காரியம். உள்ளே நடப்பதால் கெட்டது. குரோமியம்-3 இப்போது வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டு டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால் “தினம் நெல்லிக்காய் சாப்பிட்டால் குரோமியம் முறிந்துவிடும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெல்லிக்காய் நல்லதுதான், வேறு காரணத்துக்காகச் சாப்பிடுங்கள்.

ஒட்டிக்கொண்ட பேரேட்டை நகல் எடுக்கப் போனால் என்ன ஆகும்? பக்கம் கிழியும். டி.என்.ஏ. இரண்டு இழையும் சேர்ந்து அறுந்துபோகும். இது பெரிய சேதம். ஆனாலும் செல்லிடம் மருந்து இருக்கிறது. அறுந்த இடத்தை நல்ல நகலோடு ஒப்பிட்டுத் திருத்தி எழுத ராட்-51 என்ற ஒரு புரதம் உதவுகிறது. கணக்கெழுதும் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் மனித நுரையீரல் செல்களில் குரோமியத்தை விட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் பட்டபோது இந்தப் பழுதுபார்ப்பு வேலை மும்முரமாக நடந்தது. தொடர்ந்து ஐந்து நாள் பட்டபோதோ பழுதுபார்ப்பே தளர்ந்துபோனது. சேதம் கூடிக்கொண்டே போகிறது, கணக்கெழுதும் பிள்ளை வேலைக்கு வரவில்லை. என்றைக்கோ ஒரு நாள் கொஞ்சம் புகை பட்டவருக்கும், தினம் எட்டு மணி நேரம் அதிலேயே நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இதோடு நிற்பதில்லை. இரண்டு தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று, நான்கு சென்ட்ரோசோம் உண்டாகிவிடுகின்றன. கரைவலைக்கு நாலு பக்கம் நாலு கயிறு கட்டி இழுத்தால் எப்படி இருக்கும்? வலை கிழியும், மீன் சிதறும். “நில்லு” என்று சொல்ல வேண்டிய காவலும் குரோமியத்தால் மழுங்கிவிடுவதால், கயிறு மாட்டாத குரோமோசோமை வைத்துக்கொண்டே இழுப்பு தொடங்கிவிடும். கடைசியில் ஒரு செல்லுக்கு 50, இன்னொன்றுக்கு 41 என்று கணக்குத் தாறுமாறாகப் பிரியும்.

இப்படிக் கெட்டுப்போன செல்களில் பெரும்பாலானவை தாமே செத்துவிடும். அதற்கும் உடம்பில் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் லட்சத்தில் ஒன்று பிழைத்துக்கொள்ளும். “வளராதே” என்று சொல்லும் பக்கம் அதன் பேரேட்டில் காணாமல் போயிருக்கும். “வளர்” என்று சொல்லும் பக்கம் இரண்டு மூன்று நகல் கூடுதலாக இருக்கும். அது பிரிந்துகொண்டே போகும், பிரியப் பிரியக் கணக்கு இன்னும் கெடும். இதுதான் புற்றுநோயின் விதை. விதை மரமாக இருபது, முப்பது வருஷம் ஆகலாம். இருபது வயதில் வேலைக்குப் போன பையனுக்கு நாற்பத்தைந்தில் நோய் தெரியும். அப்போது அந்த ஒப்பந்தக்காரர் எங்கே இருப்பார், யாருக்குத் தெரியும்?

மற்ற உலோகங்களும் இந்தச் செல் வேலையில்தான் கை வைக்கின்றன, ஆளுக்கொரு இடத்தில். காட்மியமும் நிக்கலும் பழுதுபார்க்கும் புரதங்களை முடக்குகின்றன. ஆர்செனிக் பழுதுபார்ப்பையும் கெடுக்கும், இழுக்கும் கயிற்றையும் கெடுக்கும். பீடி, சிகரெட் புகையிலும் காட்மியம், ஆர்செனிக், குரோமியம் எல்லாம் உண்டு. புகையிலைச் செடி மண்ணிலிருந்து காட்மியத்தை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். வெல்டிங் அடித்துவிட்டு வந்து பீடி பற்ற வைப்பவர் இரண்டு வழியிலும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். பீடி குடிக்காத நம் பெண்களுக்கு அடுப்படிப் புகையே ஒரு பீடிதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் நுரையீரல் புற்றுநோய் வரும் பெண்களில் பலர் வாழ்நாளில் புகை பிடிக்காதவர்கள்.

கடல்சார் மக்களாகிய நமக்குப் பிடித்த ஒரு செய்தி. இந்தக் குரோமிய ஆராய்ச்சியில் பேர் பெற்ற அமெரிக்க விஞ்ஞானி ஜான் வைஸின் குழு, 2000 முதல் 2005 வரை ‘ஒடிஸி’ என்ற கப்பல் உலகக் கடல்களைச் சுற்றிச் சேகரித்த முன்னூறுக்கும் மேற்பட்ட திமிங்கலங்களின் தோல் துணுக்குகளைச் சோதித்தது. கரையை விட்டு எவ்வளவோ தூரத்தில் வாழும் அவற்றின் உடம்பிலும் குரோமியம் இருந்தது. ஆனால் திமிங்கலத்தின் நுரையீரல் செல்லில் குரோமியத்தை விட்டபோது மனிதச் செல் போல அதன் பழுதுபார்ப்பு நின்றுவிடவில்லை. நீண்ட நாள் வாழும் அந்த உயிரிடம் ஏதோ ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம்மிடம் அது இல்லை, ஆகவே முகமூடிதான் வழி.

எண்ணூர்ச் சாம்பலும் நம் மீனும்

நமக்குத் தெற்கே எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் நிலையமும் நிலக்கரி எரித்துக்கொண்டிருக்கின்றன. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்பும்போது குழாய் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்ததை அந்தப் பக்கத்து மீனவ ஊர்கள் பல வருஷமாகச் சொல்லிவந்தன. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு அந்தச் சாம்பல் மாசுக்கு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது.

அந்தச் சாம்பலில் ஆர்செனிக், குரோமியம், ஈயம், காட்மியம் எல்லாம் சிறிய அளவில் உண்டு. குரோமியத்தில் பெரும்பகுதி வகை-3 தான். ஆனால் மாவு போன்ற அந்தத் தூசில் சிலிக்கா இருக்கிறது. சிலிக்காத் தூசும் புற்றுநோய்ப் பட்டியலின் முதல் வகையில் உள்ளது. ஆகவே சாம்பல் ஈரமாகக் கிடக்கும்போது அது ஆற்றுக்குக் கேடு, காய்ந்து பறக்கும்போது நுரையீரலுக்குக் கேடு. இந்தச் சாம்பலை வாசலில் கொட்டி மேடாக்குவதோ, அடுப்புச் சாம்பல் மாதிரி பாத்திரம் தேய்க்க எடுத்து வருவதோ வேண்டாம். சாம்பலில் செய்த செங்கல் கெட்டியாகிவிட்டதால் சுவரில் இருக்கும்போது தொல்லை இல்லை. வெட்டும்போது தண்ணீர் தெளித்து வெட்டச் சொல்லுங்கள்.

மீனைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு: மீன் சாப்பிட்டு நுரையீரல் புற்றுநோய் வருவதில்லை. குரோமியம்-6 வயிற்றுக்குள் போனால் வயிற்றுச் சாறே அதில் பெரும்பகுதியை வகை-3 ஆக்கிவிடும். கடல் மீனிலும் இறாலிலும் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பங்கு உடம்புக்கு அதிகம் தீங்கு செய்யாத வகை, சிறுநீரில் போய்விடும். தண்ணீரில் கரைந்த ஆர்செனிக் வேறு விஷயம். தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அன்டோஃபகஸ்டா நகரத்தில் 1958 முதல் 1970 வரை ஆர்செனிக் கலந்த ஆற்று நீரைக் குடித்தவர்களுக்குப் பிற்காலத்தில் நுரையீரல் புற்றுநோய் கூடியது. அதனால் மீனைக் கண்டு ஓடுவதைவிட, குடிக்கிற தண்ணீரைச் சோதிக்கச் சொல்லிக் கேட்பதுதான் புத்தி. ஒன்று மட்டும்: சேற்று நீரை வடிகட்டித் தின்னும் மட்டி, சிப்பி வகைகள் உலோகத்தை உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஆலைக் கழிவு விழும் இடத்துச் சேற்றிலிருந்து எடுத்த மட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

வீட்டில் நம் கையில் இருப்பது

ஆலையில் நடப்பது நம் கையில் இல்லை என்று நினைப்போம். ஆனால் ஆலைத் தூசு சட்டையில் ஏறி வீட்டுக்கு வருகிறது. அதைத் துவைப்பவர் நாம். வெல்டிங், பெயிண்ட் சுரண்டல், சாம்பல் வேலைக்குப் போனவர் வந்ததும் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லுங்கள். உதறக் கூடாது. உதறினால் தூசு முதலில் நம் மூக்குக்கும், காலடியில் விளையாடும் பிள்ளை மூக்குக்கும்தான் போகும். அப்படியே வாளித் தண்ணீரில் முக்கி ஊறவிட்டு, மற்ற துணியோடு சேர்க்காமல் தனியே துவையுங்கள். அவர் குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். “வந்ததும் வராததுமா என்னடி சட்டம் போடுறே” என்று கோபம் வரும். வரட்டும்.

தரையைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள். பெயிண்ட் அடித்த பழைய பலகையை அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகையில் ஈயமும் குரோமியமும் வரும். பெயிண்ட் பலகை சும்மா கிடைக்கிறது என்பது உண்மைதான். அதற்காக அதை அடுப்பில் வைக்க வேண்டாம். வலைக்கு ஈயக் குண்டு உருக்குவதை வீட்டுக்குள்ளும் சமையல் சட்டியிலும் செய்யவே வேண்டாம். ஈயம் நுரையீரலைவிடப் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். அது தனிப் பாடம், இன்னொரு இதழில் எழுதுகிறோம்.

வேலையிடத்தில் கேட்க வேண்டியவை: புகையை அது எழும் இடத்திலேயே உறிஞ்சி வெளியேற்றும் விசிறிக் குழாய் இருக்கிறதா? தூசு, உலோகப் புகை தடுக்கும் முகமூடி கொடுக்கிறார்களா? மூக்கில் கட்டும் கைக்குட்டையும் துண்டும் இந்த நுண்புகையைத் தடுக்காது. கப்பலின் உள்ளறை மாதிரி அடைபட்ட இடத்தில் எவர்சில்வர் வெல்டிங் என்றால் இரண்டும் கட்டாயம். குரோமியத்தால் வரும் நோய்கள் நம் நாட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன, இழப்பீடு கேட்க உரிமை உண்டு. ஆனால் எங்கே, எத்தனை வருஷம் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு, கேட் பாஸ், ஈ.எஸ்.ஐ. அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள். குழுப் பாஸ் புத்தகம் வைக்கும் பெட்டியிலேயே ஒரு உறை போட்டு வையுங்கள். இருபது வருஷம் கழித்து வரும் நோய்க்கு இன்றைக்கு வைக்கும் காகிதம்தான் சாட்சி.

இருமலை டி.பி. என்று விட்டுவிடாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் டி.பி. என்று சந்தேகப்பட்டுச் சளிப் பரிசோதனை செய்வார்கள். அது சரியான முறை, இலவசமும்கூட. நுரையீரல் புற்றுநோயும் அதே இருமல், சளியில் ரத்தம், எடை குறைவு, நெஞ்சு வலி என்றுதான் வரும். எக்ஸ்ரேயிலும் சில சமயம் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். அதனால் சளியில் கிருமி தெரியாதவருக்கும் டி.பி. மாத்திரை கொடுத்துப் பார்த்து, மாதங்கள் கடந்த பிறகு புற்றுநோய் என்று கண்டுபிடிப்பது இந்தியாவில் அடிக்கடி நடக்கிறது. அந்த மாதங்கள் விலை மதிக்க முடியாதவை. சீக்கிரம் கண்டுபிடித்தால் அறுவை சிகிச்சை செய்ய முடிகிற நோய், தாமதித்தால் முடியாமல் போகும்.

ஆகவே டாக்டரிடம் போகும்போது “இவர் இத்தனை வருஷமாக வெல்டிங் வேலை செய்கிறார்”, “பெயிண்ட் சுரண்டுகிறார்” என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். டி.பி. மருந்தை முழுசாகச் சாப்பிட்டும் இருமல் குறையவில்லை, எடை கூடவில்லை என்றால் “சி.டி. ஸ்கேன் பார்க்கணுமா?” என்று கேளுங்கள். டாக்டரைக் கேட்காமல் டி.பி. மருந்தைப் பாதியில் நிறுத்துவது மட்டும் கூடாது. பொன்னேரி அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு ஸ்டான்லிக்கோ, சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ போகலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியில் தொடங்கியது, ஏழைகளுக்கு உதவும் இடம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் எத்தனை என்று ஒவ்வொரு குழுவும் எண்ணிப் பார்த்து, விடுபட்டவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

இந்த மாதக் கூட்டத்தில் பாடத்தை ஒருவர் உரக்கப் படித்த பிறகு இவற்றைப் பேசுங்கள். நம் குழு வீடுகளில் வெல்டிங், பெயிண்ட், முலாம், சாம்பல் வேலைக்குப் போகிறவர்கள் யார் யார், எத்தனை வருஷமாக? அவர்களுக்கு என்ன முகமூடி கொடுக்கிறார்கள், காசு பிடிக்கிறார்களா? இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் யாராவது இருக்கிறார்களா? தீர்மானப் புத்தகத்தில் எழுதி, நகலை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் உங்கள் பகுதி ஊக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் வேலையையும் வருஷத்தையும் மட்டும் எழுதினால் போதும்.